அறைக்கு அழைத்துச் செல்லும் முன் வகுப்பில் போய் உட்காருங்கள்

கேள்வி: ஏழு ஆண்டுகள் மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணியாற்றினேன். பக்கவாதம் வந்தவர்களும் கையில் அடிபட்டவர்களுமே பெரும்பாலும் என்னிடம் வந்தார்கள். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தொடக்கப்பள்ளியில் சேர்ந்தேன். என் பட்டியலில் 34 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் என் அறைக்கு அழைத்து வந்து களிமண் பிசைதல், மணி கோத்தல், கிளிப் மாட்டுதல் முதலிய பயிற்சிகளைத் தருகிறேன். என் அறையில் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கையெழுத்து சரியில்லாத பிள்ளைகளை எல்லாம் என்னிடமே அனுப்புகிறார்கள். ‘விளையாடத்தானே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்’ என்று ஓர் ஆசிரியர் நேரடியாகவே கேட்டுவிட்டார். பள்ளியில் என் வேலைதான் என்ன?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ‘என் அறையில் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள்’ என்ற வரியில் வந்து நின்றேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அந்த வரியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அமைதியான அறை, உயரத்துக்கு ஏற்ற நாற்காலி, தன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், அரை மணி நேரத்துக்கு ஒரே வேலை என்று இவ்வளவும் வாய்த்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் செய்வார்கள். அவர்கள் தடுமாறுவது முப்பது நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து, கரும்பலகையை நிமிர்ந்து பார்த்து, குனிந்து நோட்டில் எழுதி, ஆசிரியர் அழித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவதற்குள் முடித்தாக வேண்டிய இடத்தில். எட்டு மாதங்களாக நீங்கள் பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து வெளியே அழைத்து வந்தே பார்த்திருக்கிறீர்கள். இது உங்கள் குற்றமில்லை. மருத்துவமனை நம்மை அப்படித்தான் பழக்குகிறது. அங்கே நோயாளி நம்மைத் தேடி வருவார்; பள்ளியிலோ நாம்தான் பிள்ளையின் நாளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நம் துறையின் பெயரே இங்கே ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்முறைச் சிகிச்சை என்றும் எழுதுகிறோம். தொழில் என்றதும் பிழைப்பு நினைவுக்கு வருவதால், ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் சொல்லித் தரப் போகிறீர்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கான முதல் சங்கம் தொடங்கப்பட்ட நாளிலிருந்தே ‘ஆக்குபேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் அகலமானது. ஒருவருடைய நாளை நிரப்புகிற, அவருக்குத் தேவையான, அவர் விரும்புகிற செயல்கள் எல்லாமே அதில் அடங்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அவை என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள்: பையைத் திறந்து சரியான நோட்டை எடுப்பது, எழுதுவது, வெட்டி ஒட்டுவது, வரிசையில் நிற்பது, பாட்டில் மூடியைத் திறப்பது, கழிப்பறைக்குப் போய்த் தானே உடையைச் சரிசெய்துகொண்டு வருவது, இடைவேளையில் மற்ற பிள்ளைகளின் ஆட்டத்தில் சேர்ந்துகொள்வது, மணி அடித்ததும் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறுவது. இவற்றில் எது ஒரு பிள்ளைக்கு முடியாமல் போகிறது, ஏன் முடியாமல் போகிறது, எதை மாற்றினால் முடியும் என்று கண்டுபிடித்துக் கொடுப்பதே பள்ளியில் உங்கள் வேலை. கையெழுத்து அதில் ஒரு பகுதி. பெரிய பகுதிதான் என்றாலும் ஒரு பகுதி மட்டுமே.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு. ‘கணக்கில் கவனமில்லை, நோட்டில் பாதிக் கணக்குகள்தான் இருக்கும்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அறைக்கு அழைத்து வந்து சோதித்தேன். எண்களை ஒழுங்காக எழுதினாள், கட்டங்களைச் சரியாகப் பார்த்து வரைந்தாள். அறிக்கையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு நாள் காலை முழுவதும் அவளுடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இடைவேளை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தாள், முகம் சிவந்திருந்தது. சீருடையின் இடுப்பில் இருந்த உலோகக் கொக்கியை அவளால் மாட்ட முடியவில்லை. கழிப்பறையில் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, தனியே நின்று அதோடு போராடியிருக்கிறாள். இடைவேளைக்கு அடுத்த பாடம் கணக்கு. ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடம் அவளுக்கு இல்லாமல் போயிருக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் முதல் கணக்கை விளக்குகிற அதே பத்து நிமிடம். அம்மாவிடம் பேசி அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் செய்தோம். கொக்கி மாட்டும் பழக்கத்தை வீட்டில், அவசரமில்லாத நேரத்தில், பின்னோக்கிச் சொல்லிக் கொடுத்தோம். அதாவது, கடைசி இழுப்பை மட்டும் முதலில் அவள் செய்வாள், அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படி, பிறகு அதற்கும் முந்தையது. அந்தச் சிறுமிக்கு நான் நூறு முறை மணி கோக்கக் கற்றுக் கொடுத்திருந்தாலும் அவள் கணக்கு நோட்டு நிறைந்திருக்காது.

ஆகவே, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி ஆசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நாளில் எந்த நேரத்தில் சிரமமாக இருக்கிறது?’ என்பதே. ‘என்ன குறை?’ என்று கேட்டால் ‘கவனமில்லை, சோம்பேறி, கை வரவில்லை’ என்று முடிவுகள்தான் பதிலாக வரும். நேரத்தைக் கேட்டால் காட்சி கிடைக்கும். அந்த நேரத்தில் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். முதலில் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பாதம் தரையில் படிந்திருக்கிறதா? உயரமான பெஞ்சில் கால் தொங்க உட்கார்ந்திருக்கும் சிறுவன் வழுக்கி விழாமலிருக்க ஒரு கையால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பான். தாளைப் பிடிக்க வேண்டிய கை அது. பிடிப்பாரில்லாத தாள் ஒவ்வொரு எழுத்துக்கும் சற்று நகரும். வரி மலை ஏறும். ஆசிரியர் ‘கோணல் எழுத்து’ என்று எழுதி உங்களிடம் அனுப்புவார். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, மேசையின் பரப்பு மடக்கிய முழங்கைக்கு 5 சென்டிமீட்டர் அளவு மேலே இருப்பது நல்லது. அந்த அளவில் மேசை நாற்காலி கிடைக்காத இடத்தில், பழைய நோட்டுகளைக் கட்டாகக் கட்டிக் காலுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கே எழுத்து மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நடக்காது. ஆனால் இதைச் சரிசெய்யாமல் வேறு எதைத் தொடங்கினாலும் வீண்.

இனிக் கையெழுத்து. உங்கள் ஆசிரியர்கள் கையெழுத்தைப் பற்றியே பேசுவதில் நியாயமிருக்கிறது. தொடக்கப்பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து நேரத்தைக் கணக்கிட்டு மெக்ஹேல், செர்மாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வகுப்பு நேரத்தில் 31 முதல் 60 விழுக்காடு வரை விரல்களின் நுண்வேலைகளில் கழிவதையும், அதில் மிகப் பெரும்பங்கு தாளும் பென்சிலுமாக நடப்பதையும் அவர்கள் கண்டார்கள். எழுத முடியாத பிள்ளைக்குப் பள்ளி நாளில் பாதி கடினமாகிவிடுகிறது என்று இதற்குப் பொருள். ஆனால் ‘எழுத்து சரியில்லை’ என்பது நோயின் பெயரன்று, காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

நான் செய்வது இது. ஒரே பிள்ளையிடம், வகுப்பில் வைத்தே, வெவ்வேறு நாளில் சில மாதிரிகள் எடுப்பேன்: பக்கத்தில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து எழுதியது, கரும்பலகையைப் பார்த்து எழுதியது, ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியது, தானாக எண்ணி எழுதியது. புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதுகிற பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது சொற்களை விட்டால், கையை விடுங்கள். முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள், பிறகு உட்காரும் இடத்தையும், ஒரு பார்வையில் எத்தனை எழுத்தை நினைவில் ஏந்திக்கொண்டு குனிகிறான் என்பதையும் பாருங்கள். பார்த்து எழுதுவது நன்றாக இருந்து, சொல்வதை எழுதுகையில் எல்லாம் குலைந்தால், அநேகமாகப் பிள்ளைக்கு எழுத்தொலியும் சொல்லும் பிடிபடவில்லை. அது வாசிப்புச் சிக்கல், சிறப்பாசிரியரின் துணை வேண்டிய இடம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு விரல் பயிற்சி கொடுத்து ஒரு வருடத்தை நாம் வீணாக்கக் கூடாது. முதல் நான்கு வரி நன்றாக வந்து, ஐந்தாவது வரியிலிருந்து எழுத்து பெரிதாகிச் சரிந்து, பிள்ளை கையை உதறிக்கொண்டால் அது களைப்பு. நான்கு மாதிரியிலும் எழுத்தின் உருவமே குலைந்திருந்தால்தான் உங்கள் கைத்திறன் முழுவதும் அங்கே தேவைப்படுகிறது.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன தருவது? உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையெழுத்துக்கான பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி ஹாய், ஈகன், ஃபெடர் ஆகியோர் 2011இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டார்கள். எழுதும் பயிற்சியே இல்லாத சிகிச்சைகள் கையெழுத்தை மேம்படுத்தவில்லை; எழுதும் பயிற்சி இருந்தாலும் 20 அமர்வுகளுக்குக் குறைந்தவை பலன் தரவில்லை. களிமண்ணும் மணியும் கிளிப்பும் விரல்களுக்கு நல்லவைதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும், கையில் வலுவே இல்லாத பிள்ளைக்கும் நானும் அவற்றைத் தருகிறேன். ஆனால் எழுத்து வர வேண்டுமென்றால் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை என்றால், விடுமுறைகளையும் பிள்ளை வராத நாள்களையும் கழித்து, 20 அமர்வு முடிய உங்களுக்கு அரையாண்டுக்கு மேல் ஆகிவிடும். அதையே நாள்தோறும் பத்து நிமிடமாகப் பிரித்து, வகுப்பில் ஆசிரியரும் வீட்டில் பெற்றோரும் செய்யும்படி நீங்கள் வகுத்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். உங்கள் அரை மணி நேரத்தை அந்தப் பத்து நிமிடத்தை வடிவமைப்பதிலும், அது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதிலும் செலவிடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் அகரவரிசையைத் தொடக்கத்திலிருந்து எழுதச் சொல்லாதீர்கள். கையின் அசைவு ஒத்திருக்கும் எழுத்துகளைச் சேர்த்துக் கொடுங்கள். ட, ப நேர்க்கோடுகளால் ஆனவை. ‘அ’வோ சுழித்து, வளைந்து, இறங்கி முடிவது. ஒரு பிள்ளை ‘அ’வில் தோற்றுத் தோற்றுப் பென்சிலை வெறுத்த பிறகு நீங்கள் ‘ட’வுக்கு வந்து பயனில்லை. ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று; சுழிகளின் எண்ணிக்கை கையில் நிற்காத பிள்ளை ஒவ்வொரு முறையும் வேறு வேறாக எழுதுவான். அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் பெரிதாகச் சுழித்து, வாயால் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிவிட்டுப் பிறகு தாளில் எழுதச் சொல்லிப் பாருங்கள். இன்னும் எழுத்துக்கே வராத சிறு பிள்ளைகளிடம் நிற்கும் கோடு, கிடைக்கோடு, வட்டம், கூட்டல் குறி, சதுரம், சாய்கோடுகள், பெருக்கல் குறி, முக்கோணம் என்ற வரிசையில் பார்த்து வரையச் சொல்லுங்கள். சாய்கோடு வராத பிள்ளையை எழுத்தில் அவசரப்படுத்துவது இருவருக்கும் துன்பம்.

பென்சில் பிடியைப் பற்றி ஆசிரியர்கள் உங்களிடம் நிறையக் கேட்பார்கள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்ற மூன்று விரல் பிடியே ஒரே சரியான பிடி என்று நமக்கும் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். ஷ்வெல்னஸும் உடனாய்வாளர்களும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 120 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், முதிர்ந்த பிடிகள் நான்கையும் ஒப்பிட்டபோது வேகத்திலும் தெளிவிலும் வேறுபாடு தென்படவில்லை. எட்டு ஒன்பது வயதில் நான்கு விரலால் பிடித்து, வலியில்லாமல், தெளிவாக எழுதும் பிள்ளையின் விரலைப் பிரித்து மாற்றி வைக்காதீர்கள். பிடித்த இடத்தில் விரல் நுனி வெளுத்துப் போகும் அளவுக்கு அழுத்துகிறானா, தாளின் பின்புறம் தடவினால் எழுத்து புடைத்துக்கொண்டிருக்கிறதா, எழுதி முடித்ததும் கை வலிக்கிறது என்கிறானா என்று பாருங்கள். இவையே தலையிட வேண்டிய அடையாளங்கள். முதல் வகுப்பிலும் அதற்கு முன்பும் மட்டும் பிடியைத் திருத்த முயலலாம். அதற்கும் சிறு துண்டுப் பென்சிலே போதும். நீளமான பென்சிலைத்தான் முஷ்டியால் பிடிக்க முடியும். கட்டைவிரல் நீளமே உள்ள பென்சிலை விரல்நுனியால் பிடித்தே ஆக வேண்டும்.

உங்கள் பட்டியலில் இன்னொரு வகைப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது உறுதி. எழுத்தும் தடுமாறும், பந்தும் பிடிபடாது, ஷூ லேஸ் கட்ட வராது, எதிரில் வருபவர் மேல் மோதிக்கொள்வார்கள், பையிலிருந்து எதையாவது கீழே போட்டுக்கொண்டே இருப்பார்கள். அறிவுக்கூர்மையில் எந்தக் குறையும் இருக்காது. வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று இதற்குப் பெயர். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று அதிகம் திட்டு வாங்குவது இந்தப் பிள்ளைகள்தாம். நான் இவர்களுக்காக எப்போதும் சற்று அதிகமாகவே வாதாடுவேன். ஏனென்றால் இவர்கள் முயற்சி செய்வது வெளியே தெரிவதில்லை. இவர்களுக்குக் கனடாவில் ஹெலன் பொலட்டாய்கோவும் ஏஞ்செலா மாண்டிச்சும் உருவாக்கிய ஒரு முறை மிகவும் உதவுகிறது. இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு என்ற நான்கு படிகளைப் பிள்ளையே தனக்குச் சொல்லிக்கொண்டு செய்வது அது. இலக்கைத் தேர்ந்தெடுப்பதும் பிள்ளைதான். ஒரு சிறுவனிடம் எது வர வேண்டும் என்று கேட்டேன். எழுத்து என்பான் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைத் தானே திறக்க வேண்டும் என்றான். தினமும் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டுவது அவனுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. ‘உன் திட்டம் என்ன?’ என்று கேட்டேன். மூடியைச் சுற்றினான், பாட்டிலும் கூடவே சுற்றியது. ‘எது நகர்ந்தது?’ என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாட்டிலை இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். மூடி திறந்தது. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டிலோடு அது முடிந்திருக்கும். தானே கண்டுபிடித்ததால் அடுத்த வாரம் பசைக் குப்பியை அதே மாதிரி இடுக்கித் திறந்ததாக ஆசிரியர் வந்து சொன்னார்.

உட்கார முடியாமல் எழுந்துகொண்டே இருக்கும் பிள்ளைகள், சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள், சட்டையின் கழுத்துப்பட்டியில் இருக்கும் துணித்துண்டு உறுத்துகிறது என்று அழும் பிள்ளைகள் ஆகியோரும் உங்களிடம் வருவார்கள். தொடுகை, ஒலி, அசைவு முதலிய புலன்களிலிருந்து வருவதை மூளை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் விதத்தைச் சொல்லும் புலன் ஒருங்கிணைப்பு என்ற கோட்பாட்டை, நம் துறையைச் சேர்ந்த அமெரிக்கரான ஜீன் ஏயர்ஸ் 1972இல் நூலாகவே எழுதி வெளியிட்டார். இந்தப் பிள்ளைகளைக் கெட்ட பிள்ளைகள் என்று பார்க்காத ஒரு கண்ணை நம் துறைக்குக் கொடுத்தவர் அவர். அந்த நன்றியோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: எடை வைத்த மேலாடை, தோலில் பிரஷ் தேய்த்தல் முதலியவற்றைப் பெற்றோரிடம் உறுதியளித்து விற்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, புலன் சார்ந்த சிகிச்சைகளுக்கான ஆய்வுச் சான்று குறைவாகவும் முடிவுக்கு வராததாகவும் இருப்பதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. பள்ளியில் பெரும்பாலும் எளியவையே போதுமானவை: கதவோரத்திலிருந்து இடத்தை மாற்றுவது, சுவரோரம் நின்றுகொண்டு எழுத அனுமதிப்பது, நோட்டுகளை அடுக்கி எடுத்துச் செல்லும் வேலையைத் தருவது, மணி அடிப்பதற்கு முன்பே ‘இப்போது மணி அடிக்கும்’ என்று சொல்லி வைப்பது. ஒன்றை இரண்டு வாரம் செய்து பாருங்கள். எத்தனை முறை எழுந்தான் என்று முன்னும் பின்னும் எண்ணுங்கள். குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இவற்றையெல்லாம் 34 பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். கனடாவில் செரில் மிசியூனா குழுவினர் வகுத்த ‘பார்ட்னரிங் ஃபார் சேஞ்ச்’ என்ற முறையில், தெரபிஸ்ட் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்வதற்குப் பதிலாக வகுப்பிலேயே ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்கிறார். முதலில் வகுப்பு முழுவதற்கும் உதவும் மாற்றம், அது போதாத சிலருக்குச் சற்று வேறுபட்ட உதவி, அதுவும் போதாத ஓரிருவருக்குத் தனிக் கவனம் என்று படிப்படியாகப் போகிறார். உங்கள் பட்டியலை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரே வகுப்பிலிருந்து ஆறு பேர் கையெழுத்துக்காக வந்திருந்தால் ஆறு பிள்ளைகளுக்கும் குறை என்று எண்ணாதீர்கள். அந்த வகுப்பின் மேசை உயரமா, நோட்டின் வரி இடைவெளியா, எழுதத் தரும் நேரமா என்று பாருங்கள். ஒரு மாற்றத்தில் நான்கு பேர் உங்கள் பட்டியலிலிருந்து இறங்கிவிடலாம். இலக்கை அடைந்த பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுக்கத் தயங்காதீர்கள். பெற்றோர் கவலைப்படுவார்கள், மறுபடி தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

இலக்கை எழுதும் விதத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘நுண்தசை வலிமை கூட வேண்டும்’ என்று எழுதினால் அது ஆசிரியருக்குப் புரியாது, எட்டியதா என்று உங்களுக்கும் தெரியாது. ‘கரும்பலகையில் உள்ள ஐந்து வரிகளைப் பத்து நிமிடத்துக்குள், ஆசிரியர் படிக்கக்கூடிய விதத்தில், ஐந்து நாளில் நான்கு நாள் எழுதுவாள்’ என்று எழுதுங்கள். இதை ஆசிரியரே எண்ணிவிடலாம்.

ஆசிரியரிடம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். அவருக்கு அந்தப் பிள்ளையைத் தவிர இன்னும் முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு ஆசிரியருக்குப் பதினோரு பரிந்துரைகள் அடங்கிய அறிக்கையைக் கொடுத்தேன். அவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. கோபித்துக்கொண்டேன். இன்று நினைத்தால், அவர் செய்யக்கூடிய ஒன்றை நான் தேர்ந்தெடுத்துக் கொடுக்காததே பிழை. ‘விளையாடத்தானே’ என்று கேட்டவர் மேலும் வருத்தம் கொள்ளாதீர்கள். அவர் பார்ப்பது என்ன? பிள்ளை பாடத்தின் நடுவில் எழுந்து போகிறான், சிரித்துக்கொண்டே வருகிறான், விட்டுப்போன அரைப் பக்கத்தை அவரே உட்கார்ந்து எழுத வைக்க வேண்டியிருக்கிறது. அவர் கேள்வியில் உண்மை இருக்கிறது. விளையாட்டு பிள்ளையின் வேலைதான் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த விளையாட்டு அவருடைய வகுப்பில் எங்கே வந்து சேர்கிறது என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். முன்பு நன்றாக எழுதிய, ஓடிய, பொத்தான் போட்ட பிள்ளைக்கு அவை இப்போது வராமல் போனால், ஒரு பக்கத்துக் கையை மட்டும் பயன்படுத்தாமல் ஒதுக்கினால், புதிதாகக் கை நடுங்கினால், அடிக்கடி விழுந்தால், சில விநாடிகள் வெறித்துப் பார்த்தபடி நின்றுவிட்டுப் பிறகு தொடர்ந்தால், பெற்றோரை அன்றைக்கே அழைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். அது பயிற்சிக்கான நேரமன்று. ஏழாண்டு மருத்துவமனை அனுபவம் பள்ளியில் இந்த இடத்தில் பெரும் பலமாக நிற்கும். இந்த அடையாளங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிவதுபோல் அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

வரும் திங்கட்கிழமை பட்டியலிலிருந்து மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; மூவரும் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியரின் வகுப்புப் பிள்ளைகளாகவே இருக்கட்டும். அவரிடம் போய், எந்த நேரம் சிரமம் என்று கேட்டு, அந்த நேரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள். முதல் வாரம் எதையும் திருத்தாதீர்கள். அவர்கள் எழுதிய தாள்களைத் தேதியிட்டு ஓர் உறையில் போட்டு வையுங்கள். இரண்டாம் வாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு மாற்றத்தை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த உறையை அவர் மேசையில் பிரித்து, பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். மாறவில்லை என்று சொன்னாலும் எழுதுங்கள், அடுத்து எங்கே பார்ப்பது என்று சேர்ந்து யோசிப்போம்.